முப்பத்தேழில் வளராதது

தொலைபேசியில் வந்த குரல் 'மைனஸ் எண்பது' என்று சொன்னதும் அவளுக்குக் காதில் ஏதோ பிசகாக விழுந்துவிட்டதோ என்று தோன்றியது. ஐஸ்கிரீம் கடைப் பெட்டி என்றால் மைனஸ் இருபது. மீன் கிடங்கு என்றால் அதற்கும் கொஞ்சம் கீழே. இத்தனை வருடக் கடை வாழ்க்கையில் அதைத் தாண்டி அவள் போனதில்லை. மல்டிமீட்டரின் ஊசிகளை ஒரு கையில் பிடித்தபடியே, "எண்பதா? சரியாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். எண்பதுதான் என்றது குரல். பல்கலைக்கழகத்தின் உயிரியல் கட்டடத்தைப் பராமரிப்பவர். அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை இவர்கள்தான் போன கோடையில் சரிசெய்து கொடுத்தார்கள். இப்போது ஆய்வகத்தில் ஒரு பெரிய ஃப்ரீஸர் காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறதாம். கம்பெனி ஆள் வர நாலைந்து நாள் ஆகுமாம். அதற்குள் உள்ளே இருப்பதெல்லாம் உருகிப் பாழாகிவிடுமாம்.

பழுது பார்க்கும் மேசைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றின் அடியிலிருந்து அவளுடைய கணவர் தலையை வெளியே எடுத்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். கட்டடத்தின் பெயரைக் கேட்டதும் அவர் கைத்துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடித்து, அந்தப் பெட்டியெல்லாம் நமக்குச் சரிப்படாது, அவர்கள் கம்பெனி ஆளையே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அவளுக்கு வியப்பாக இருந்தது. எந்தப் பெட்டியையும் சரிப்படாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். கடையை ஆரம்பித்த அவளுடைய அண்ணன், "மாப்பிள்ளை கைய வச்சா செத்த கம்ப்ரஸரும் எழுந்து உக்காந்துக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அப்படிப்பட்டவர் பார்க்காமலேயே கையை விரிக்கிறார். வருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேனே என்றாள் அவள்.  அவர் உள்ளே போய், வெயிலுக்குப் போடும் தொப்பியையும் தூசிக்குக் கட்டும் முகத்துணியையும் எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார்.

உதவிக்கு வரும் பையன் விடுப்பில் இருந்ததால் அவளும் வேனில் ஏறிக்கொண்டாள். வயரிங் பார்ப்பதும் மின்னோட்டம் அளப்பதும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.  பல்கலைக்கழக வாசலில் காவலாளியிடம் வழி கேட்போம் என்று அவள் கண்ணாடியை இறக்கினாள். அதற்குள் வேன் இடப்பக்கம் திரும்பி, மரங்களுக்குப் பின்னால் போய், பின்வாசல் சாய்தளத்தில் சரியாகக் கொண்டு நிறுத்தப்பட்டுவிட்டது. இவர் இங்கே படித்தவர்தானே என்று நினைத்துக்கொண்டாள். அது அவளுக்குத் தெரிந்த செய்திதான். கல்யாணப் பேச்சு நடந்தபோது, என்னமோ ஆராய்ச்சிப் படிப்பாமே, ஏன் பாதியில் விட்டீர்கள் என்று அவளுடைய அம்மா கேட்டதற்கு, "படிப்பு ஏறல" என்று சொல்லிச் சிரித்தவர். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஏறாத படிப்பைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் முதலில் வந்து மோதியது வாசனைதான். புளித்த மாவும் லேசான இனிப்பும் கலந்தது போல, ரொட்டி சுடும் இடத்தின் பின்கட்டில் வீசுமே, அதுபோல. வாசலில் அவர் ஒரு விநாடி நின்றதை அவள் கவனித்தாள். முகத்துணிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

ஆய்வகத்தின் தலைவி ஒரு பேராசிரியை. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், குட்டையாக வெட்டிய நரைமுடி. மாணவர்கள் நாலைந்து பேர் கைபிசைந்தபடி சுற்றி நின்றார்கள். ஆள் உயர ஃப்ரீஸர் சிவப்பு விளக்கைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தது. எண்பதிலிருந்து ஏறி ஐம்பதைத் தாண்டிவிட்டிருந்தது. அவள் கணவர் மண்டியிட்டுக் கீழ்மூடியைக் கழற்றினார். இரண்டு கம்ப்ரஸர், ஒன்று மற்றதைக் குளிர்விக்கிறது என்று அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அவள் அளந்து பார்த்தாள். கம்ப்ரஸர்கள் இரண்டும் உயிரோடுதான் இருந்தன. வடிகட்டியில் கம்பளி போலத் தூசி அடைத்து, காற்று கிடைக்காமல் விசிறியின் மோட்டார் கருகியிருந்தது. மோட்டார் மாற்றினால் போதும். ஆனால் கடைக்குப் போய் எடுத்துவந்து மாட்டிக் குளிர் மறுபடி இறங்கச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை உள்ளே இருப்பவற்றைக் காப்பாற்ற வேண்டும்.

பக்கத்து ஆய்வகத்து ஃப்ரீஸரில் இரண்டு தட்டு இடம் கொடுத்திருந்தார்கள். உலர்பனி நிரப்பிய தெர்மாகோல் பெட்டிகள் கொஞ்சம் இருந்தன. மிச்சத்துக்கு இடமில்லை. எது உள்ளே, எது வெளியே என்பதைப் பேராசிரியை நின்று சொல்லச் சொல்ல, மாணவர்கள் தடித்த கையுறை போட்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து எடுத்துக் கொடுத்தார்கள். இப்போது நடக்கும் வேலைகள் முதலில் போயின. அப்புறம் போன வருடத்தவை. பழைய பெட்டிகள் எல்லாம் தரையோரம் ஒதுங்கின. உருகினாலும் பரவாயில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அதுதான் அர்த்தம் என்பது எல்லோருக்கும் புரிந்திருந்தது.

கை குறைகிறதே என்று அவரும் எழுந்து உதவினார். அடித்தட்டின் மூலையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தபோது அவருடைய கைகள் நின்றுவிட்டன. வெண்பனி படிந்த சாதாரண அட்டைப் பெட்டி. மற்றவர்கள் நகர்ந்துகொண்டே இருக்க அவர் மட்டும் அதைப் பிடித்தபடி நின்றார். பிறகு குனிந்து, தரையோரம் இருந்த பெட்டிகளோடு அதையும் வைத்தார். குழந்தையைத் தூக்கத்தில் படுக்க வைப்பது போல வைத்தார். வைத்த பிறகும் கை உடனே விலகவில்லை.

முப்பது வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவளுக்கு ஒரு மனிதனின் கையைப் படிக்கத் தெரியாமல் போகுமா? அவளுக்கு விஷயம் தெரியாது, ஆனால் ஏதோ ஒன்று என்பது தெரிந்துவிட்டது. அவரைப் பார்த்தாள். அவர் மோட்டாரைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார். அவள் மல்டிமீட்டரைக் கீழே வைத்தாள்.

"மேடம், அந்தப் பெட்டி யாரோடது?" என்று கேட்டாள்.

பேராசிரியை திரும்பி, பனியை விரலால் தேய்த்துப் பார்த்தார். அது ரொம்பப் பழையது, இங்கே ஒருகாலத்தில் ஒருவர் வேலை பார்த்தார், அவருடையது என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். தரையில் மண்டியிட்டிருந்த மனிதரின் முதுகையே பார்த்தார். அந்த முதுகு அசையாமல் இருந்தது.

"முப்பத்தேழு?"

அவர் மெதுவாக முகத்துணியை இறக்கினார். "ஆமா மேடம்" என்றார்.

"மேடமாம்ல. நீ எப்பலேர்ந்துடா எனக்கு மேடம் சொல்ல ஆரம்பிச்ச?" என்றார் பேராசிரியை.

அவளுக்கு அந்த 'டா' சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை 'நீங்க' தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் ஃப்ரிட்ஜ் அண்ணன். மகளுக்கு அப்பா. யாரோ ஒரு பெண் ஓர் எண்ணைச் சொல்லிக் கூப்பிட, இவர் தலை நிமிர்த்துகிறார். இவருக்குள் இப்படி ஒருவன் இருந்தானா என்று அவளுக்குத் தோன்றியது. பொறாமை என்று அதைச் சொல்ல முடியாது. தன் வீட்டிலேயே தான் திறக்காத ஓர் அறை இருந்ததைக் கண்டுபிடித்தவளின் திகைப்பு அது.

பேராசிரியை நாற்காலி இழுத்துப் போட்டு அவளுக்குச் சொன்னார். இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசையாம். இவர் ஒரு வருடம் மூத்தவராம். எப்போது பார்த்தாலும் முப்பத்தேழு டிகிரி வெப்பப் பெட்டியின் கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு நிற்பாராம். அதனால் அந்தப் பெயர். சாப்பாட்டை அதன் மேலேயே வைத்துச் சூடாக்கிக்கொள்வாராம். ஒருதடவை உள்ளேயே வைத்துவிட்டு மறந்துபோய், மூன்றாம் நாள் வழிகாட்டிப் பேராசிரியர் திறந்து பார்த்து, இது என்ன புது இனம் என்று கேட்டாராம். மாணவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

பேராசிரியை எழுந்து, பக்கத்து ஆய்வகத்துக்குப் போகவிருந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்துக் கீழே வைத்தார். அது தன்னுடையது, இன்னொரு பிரதி வேறிடத்தில் இருக்கிறது என்றார். காலியான இடத்தில் அந்தப் பழைய பெட்டி உட்கார்ந்தது. பெட்டியை அனுப்புவதற்கு முன் ஒரேயொரு சிறு குழாயை மட்டும் உருவி உலர்பனியில் வைத்துக்கொண்டார். உள்ளே இருப்பது உயிரோடு இருக்குமா என்று அவள் கேட்டாள். இதே கட்டடத்துக்குள் இரண்டு தடவை அறை மாறியிருக்கிறோம், இதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை, அவ்வளவுதான் என்றார் பேராசிரியை. யாரும் திறந்து பல காலம் ஆகிறது. வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

வளர்த்துப் பார்க்கும் வேலையை அவள் கணவரிடமே கொடுத்தார்கள். வளர்வதற்கான சத்துக்கூழ் ஜெல்லி போல உறைந்திருந்த வட்டத் தட்டுகள் சில வந்தன. அவர் கையை மூன்று முறை கழுவினார். குழாயின் உறைந்த மேற்பரப்பைச் சுத்தமான பல்குத்தும் குச்சியால் சுரண்டித் தட்டில் இழுத்தார். குச்சி ஜெல்லியைக் கிழித்துவிட்டது. மாணவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். பேராசிரியை இன்னொரு தட்டை நகர்த்தி வைத்தார். இரண்டாவது தடவை கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, மெல்ல அகன்று அகன்று போயின. அதேபோல இன்னொரு தட்டிலும் இழுத்தார். ஒன்றை இருபத்தைந்து டிகிரியிலும் மற்றதை முப்பத்தேழிலும் வைத்தார்கள். வெப்பப் பெட்டியின் கதவை மூடியவர் கைப்பிடியிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றார்.

மோட்டார் எடுத்துவரக் கடைக்குப் போகும் வழியில் அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள். அந்தக் குழாயில் இருப்பது ஈஸ்ட் என்றார்களே, ரொட்டிக்குப் போடுவதுதானே என்றாள்.

"அதேதான். ஒரே ஒரு செல். அதுக்குள்ள ஒரு சின்ன அறை இருக்கு, நியூக்ளியஸ்னு சொல்வாங்க. என்ன செய்யணும்ங்கற உத்தரவெல்லாம் அந்த அறைக்குள்ளதான் எழுதுறது. வேலை நடக்கறது வெளியில. உத்தரவு வெளிய வரணும்னா சுவத்துல இருக்கற ஓட்டை வழியாத்தான் வரணும். சும்மா வராது, யாராவது கூட்டிட்டு வரணும். அப்படிக் கூட்டிட்டு வர்றவங்கள்ல ஒருத்தரச் செய்யறதுக்கு ஒரு ஜீன் இருக்கு. அது கெட்டுப்போன ஈஸ்ட்தான் அந்தப் பெட்டியில இருக்கறது. நான் தேடி எடுத்தது."

"கெட்டுப்போனா என்ன ஆகும்?"

"இருபத்தஞ்சுல ஒண்ணும் ஆகாது, சாதுவா இருக்கும். முப்பத்தேழுக்குப் போச்சுன்னா உத்தரவெல்லாம் உள்ளேயே குவிஞ்சிடும். வெளிய காத்துக்கிட்டே இருப்பாங்க, ஒண்ணும் வராது. அப்புறம் செத்துடும்."

அவளுக்கு ஏதோ ஒன்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். சிக்னலில் வேன் நின்றபோது, பின் ஏன் விட்டீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

அவர் ஸ்டீயரிங்கைத் தடவியபடி சொன்னார். ஆறு வருட வேலை. எழுதி முடிக்கிற நேரம். எங்கேயோ இன்னோர் ஆய்வகத்தில் அதே ஜீனை வேறொரு வழியில் கண்டுபிடித்து முதலில் வெளியிட்டுவிட்டார்கள். வழிகாட்டி அந்தக் கட்டுரையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். திட்டவில்லை. இன்னொரு ஜீன் எடுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார். அன்றைக்குத் தன் குடுவைகளையெல்லாம் கழுவி வரிசையாகக் கவிழ்த்துவிட்டு, தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை.

"அவங்க மேல கோவம் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார். "ரொம்ப நல்லா எழுதியிருந்தாங்க. நான் எழுதியிருந்தா அவ்வளவு நல்லா வந்திருக்காது. அதுதான் தாங்க முடியல."

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். வேன் நகர்ந்தது. இதையெல்லாம் ஏன் தன்னிடம் சொன்னதே இல்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே அவர் பதில் சொன்னார். "நீ கேட்டிருக்க. கல்யாணமான புதுசுல. நான்தான் பேச்ச மாத்திட்டேன்."

அப்படிக் கேட்டது அவளுக்கு நினைவில்லை. ஆனால் அந்தப் புதுசு நினைவுக்கு வந்தது. மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும் கொண்ட வீடு. அண்ணன் கடையில் வேலை கற்றுக்கொண்டு, விரலெல்லாம் காயத்தோடு வருவார். சாயங்காலம் இருவரும் காலார நடந்துவிட்டு வருவார்கள். தெருக்கோடியில் ஒரு பேக்கரி இருந்தது. முன்வாசல் வெளிச்சமாக இருக்கும். இவர் அதை விட்டுவிட்டு, மாவு பிசையும் பின்பக்கச் சந்துக்கு அவளைக் கூட்டிப்போவார். சன்னலடியில் சும்மா நிற்பார். மனிதருக்குப் பசிபோலிருக்கிறது, கையில் காசில்லாமல் கூச்சப்படுகிறார் என்று அவள் நினைத்து, ஒருநாள் தானே போய் இரண்டு பன் வாங்கிவந்து நீட்டினாள். அவர் வாங்கிச் சாப்பிட்டார், பசியோடு இருந்தவரைப் போலவே சாப்பிட்டார். அதன் பிறகு வாராவாரம் அவள் பன் வாங்கினாள், அவரும் வாராவாரம் சாப்பிட்டார். இளமையில் தாங்கள் பட்ட சிரமத்தைப் பற்றி மகளிடம் சொல்லும்போதெல்லாம் அந்தப் பன்னைத்தான் அவள் சொல்வாள். இவ்வளவு காலம் அது அவளுடைய கதையாக இருந்தது. அதற்குள் இன்னொரு கதை நின்றுகொண்டிருந்திருக்கிறது, சன்னலடியில், மூச்சை இழுத்துக்கொண்டு.

அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தச் சந்தும், அந்த மாலைகளும், ஒல்லியாக இருந்த அவரும் வேண்டும் போலிருந்தது. இன்னொரு தடவை அங்கே போய் நின்றால் பன் வாங்காமல் கூடவே நிற்கலாம். பேக்கரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

மோட்டாரை மாட்டினார்கள். வடிகட்டியை அவளே கழுவினாள். சாயங்காலத்துக்குள் ஃப்ரீஸர் எழுபதைத் தொட்டுக் கத்துவதை நிறுத்தியது.

மூன்று நாள் கழித்து, ஃப்ரீஸர் நிலைத்து நிற்கிறதா என்று பார்க்கப் போக வேண்டியிருந்தது. அன்று காலை அவர் இரண்டு சட்டை மாற்றினார். அவள் பார்த்தும் பாராதது போல இருந்தாள். தொப்பியும் முகத்துணியும் ஆணியிலேயே தொங்கின.

ஃப்ரீஸர் ஒழுங்காக இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. பேராசிரியை இரண்டு தட்டுகளையும் சன்னலோர மேசையில் எடுத்து வைத்தார். இருபத்தைந்து டிகிரித் தட்டில் கோடுகள் நெடுகப் பால்நிறப் பொட்டுகள் முளைத்திருந்தன, நெருக்கமாக ஆரம்பித்துத் தனித்தனியாகப் பிரிந்து. உயிரோடுதான் இருந்திருக்கிறது. அவர் விரலால் தட்டின் ஓரத்தைத் தொட்டார். பெட்டியில் அடைந்துகிடந்த அவ்வளவு வருடமும் அதற்கு ஒன்றுமில்லை என்பது போல அவ்வளவு புதுசாக இருந்தன பொட்டுகள். அவளுக்கே சந்தோஷமாக இருந்தது.

முப்பத்தேழு டிகிரித் தட்டு வெறுமையாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கே இப்போது தெரியும். அதை ஓரமாக நகர்த்தப்போன பேராசிரியையின் கையை அவர் சட்டென்று பிடித்தார். தட்டைச் சாய்த்துப் பார்த்தார். மூன்றாவது கோட்டின் நுனியில் ஒரு பொட்டு. ஒரே ஒரு பொட்டு.

"வெளியிலேர்ந்து ஏதாவது விழுந்திருக்கும்," என்றார் பேராசிரியை. "கதவு எத்தனை தடவை திறந்தது, தூசி வேற."

"இருக்கலாம்."

"இல்ல..." என்று பேராசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"இல்லன்னா வேற வழி கண்டுபிடிச்சிருக்கு," என்றார் அவர். அவர் குரல் தாழ்ந்து போயிருந்தது. "அந்த ஆள் இல்லாமலே வெளிய வர."

இருவரும் பேச ஆரம்பித்தார்கள். அவளுக்குப் புரியாத சொற்கள், பாதியில் நிற்கும் வாக்கியங்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துக்கொண்டார். தனியாகப் பிரித்து வளர்க்க வேண்டும், தூசியா என்று பார்க்க வேண்டும், அந்த மாற்றம் எங்கே என்று தேட வேண்டும், மாதக் கணக்கில் ஆகும் வேலை என்பது மட்டும் அவளுக்கு விளங்கிற்று. நாளைக்கு வருகிறாயா என்று பேராசிரியை கேட்டார். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கடையில் கழற்றிப் போட்ட பெட்டிகள் மூன்று கிடப்பதும், கோடை ஆரம்பிக்கப் போவதும் அந்தப் பார்வையில் இருந்தன.  அவள் குனிந்து கருவிப்பையை எடுத்துக்கொண்டாள். எப்போதும் அவர்தான் அதைத் தூக்குவார். கனமாகத்தான் இருந்தது.

படியிறங்கி, வேனின் பின்கதவைத் திறந்து பையை ஏற்றும்போது தொலைபேசி அடித்தது. ஐஸ்கிரீம் கடைக்காரர். பெட்டி குளிரவில்லை, அண்ணன் எங்கே, உடனே அனுப்புங்கள் என்று படபடத்தார்.

"அவர் வேலையா இருக்காரு," என்றாள். "நான் வந்து பாக்கறேன். ஒரு மணி நேரம் பொறுங்க."

உள்ளே வெயில் ஏறிக்கிடந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு, ஓட்டுநர் இருக்கையைத் தன் காலுக்கு எட்டும்படி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சாவியைத் திருகுமுன் ஒருமுறை மேலே பார்த்தாள். மூன்றாம் மாடிச் சன்னலில் இரண்டு நரைத்த தலைகள் ஒட்டினாற்போல் தெரிந்தன. அவர் அந்த வட்டத் தட்டை இரு கைகளாலும் வெளிச்சத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்திருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து பொட்டு தெரியாது. தட்டில் பட்ட வெயில் மட்டும் சின்ன வட்டமாக அவர் நெற்றியில் விழுந்து, கை அசைய அசைய நடுங்கிக்கொண்டிருந்தது.